சில்லாவும் கரிப்டிஸும்: இரண்டு கடற்பூதங்களும் நம் பேச்சு வழக்கும்

இம்முறை மொழிப்பாடப் பகுதிக்கு ஓர் ஆங்கிலச் சொற்றொடரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்ச் சங்க இதழில் ஆங்கிலச் சொற்றொடருக்கு என்ன வேலை என்று மூத்தோர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்கிறார்கள். ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதுதான் இரண்டு மொழிகளும் நன்றாகப் பிடிபடுகின்றன. அதற்கு மிகவும் பொருத்தமான சொற்றொடர் இது.

ஆங்கில நாளிதழ்களின் தலையங்கங்களில் 'பிட்வீன் சில்லா அண்ட் கரிப்டிஸ்' என்ற தொடரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில்லாவுக்கும் கரிப்டிஸுக்கும் நடுவில் என்பது நேர்ப்பொருள். இரண்டும் கிரேக்கப் புராணத்தில் வரும் கடற்பூதங்கள். இருபுறமும் ஆபத்து, நடுவில் அகப்பட்டவன் நிலை என்பது வழக்குப்பொருள். 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கதையை முழுவதும் படித்தால், நம் எறும்பும் அவர்கள் கப்பலும் ஒன்றல்ல என்பது விளங்கும். அந்த வேற்றுமைதான் இன்றைய பாடம்.

கதை

கிரேக்கப் பெருங்கவி ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் ஒடிசி என்னும் காப்பியத்தின் 12ஆம் பகுதியில் இக்கதை வருகிறது. டிராய்ப் போர் முடிந்து ஒடிசியஸ் என்னும் வீரன் தன் ஊரான இதாகாவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். வழியில் சர்சி என்னும் மந்திரக்காரியின் தீவில் தங்குகிறான். அவள் விடைகொடுக்கும்போது வரப்போகும் ஆபத்துகளை முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறாள்.

"வழியில் எதிரெதிரே இரண்டு பாறைகள் இருக்கும். ஒன்று வானத்தை முட்டும் உயரம். அதன் நடுவில் ஒரு குகை. அதில் சில்லா இருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு கால்கள், ஆறு நீண்ட கழுத்துகள். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு தலை. ஒவ்வொரு தலையிலும் மூன்று வரிசைப் பற்கள். கடந்து போகும் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் தலைக்கு ஓர் ஆள் வீதம் கவ்விக்கொள்வாள். எதிர்ப்பாறை தாழ்வானது, அம்பு விட்டால் எட்டும் தொலைவுதான். அதன்மேல் ஒரு பெரிய அத்திமரம் நிற்கும். மரத்தின் கீழே கரிப்டிஸ் இருக்கிறாள். நாளுக்கு மூன்று முறை கடல்நீரை உறிஞ்சுவாள், மூன்று முறை கக்குவாள். அவள் உறிஞ்சும் நேரத்தில் அங்கே அகப்பட்டால் கடலரசனே வந்தாலும் உன்னைக் காப்பாற்ற முடியாது. ஆகவே சில்லாவின் பக்கமாகவே கப்பலை ஓட்டு. எல்லாரையும் இழப்பதைவிட ஆறு பேரை இழப்பது மேல்." சர்சி சொன்னதன் சாரம் இது.

ஒடிசியஸ் வீரன் அல்லவா? கரிப்டிஸுக்குத் தப்பி, சில்லாவோடு சண்டையிட வழியில்லையா என்று கேட்கிறான். சர்சி அவனைக் கடிந்துகொள்கிறாள். சில்லா சாகாவரம் பெற்ற தீமை. அவளோடு போரிட நின்றால் அந்த நேரத்தில் இன்னும் ஆறு பேரை எடுத்துக்கொள்வாள். வேகமாகத் துடுப்புப் போட்டு ஓடுவதுதான் வழி என்கிறாள்.

புறப்பட்டபின் ஒடிசியஸ் தன் ஆட்களிடம் சில்லாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் அஞ்சித் துடுப்பை விட்டுவிட்டுக் கப்பலுக்குள் பதுங்கிவிடுவார்கள் என்று நினைத்தான். சர்சி சொன்னதை மறந்து கவசம் பூண்டு, இரண்டு ஈட்டிகளை ஏந்தி முன்தளத்தில் நின்றான். எங்கும் சில்லாவைக் காணவில்லை. எதிர்ப்புறம் கரிப்டிஸ் கடலைக் குடித்துக் கொதிக்கும் அண்டாபோல் குமுறிக்கொண்டிருந்தாள். எல்லார் கண்ணும் அங்கேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் சில்லாவின் தலைகள் இறங்கின. ஒடிசியஸ் திரும்பிப் பார்த்தபோது ஆறு பேரின் கைகால்கள் மேலே துடித்துக்கொண்டிருந்தன. அவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தன் கடற்பயணங்களில் கண்டவற்றுள் இதுவே மிகக் கொடிய காட்சி என்று பின்னாளில் அவனே கூறுகிறான்.

இக்கதையில் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கப்பல் கடந்து போயிற்று. அதற்கு விலை ஆறு உயிர். இரண்டு, ஓர் ஆபத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை மற்றோர் ஆபத்து பிடித்தது. ஆரவாரமாக இரைகின்ற பூதத்தைவிட ஓசையின்றிக் காத்திருக்கும் பூதம் பொல்லாதது.

சில்லாவின் குரல் நாய்க்குட்டியின் குரலைப் போன்றது என்கிறார் ஹோமர். நாய்க்குட்டியைக் குறிக்கும் 'ஸ்கைலாக்ஸ்' என்னும் கிரேக்கச் சொல் அவள் பெயரை ஒட்டி ஒலிப்பது. பல நூற்றாண்டுகள் கழித்து ரோமக் கவி ஓவிட் வேறொரு முற்கதை சொன்னார். அதன்படி சில்லா முதலில் அழகிய கன்னி. கடல்தேவன் ஒருவன் அவளை விரும்பினான். அவனைச் சர்சி விரும்பினாள். பொறாமையால் சில்லா நீராடும் குளத்தில் நஞ்சைக் கலந்தாள் சர்சி. சில்லாவின் இடுப்பிலிருந்து நாய்த்தலைகள் முளைத்தன. இரண்டு கவிகளையும் சேர்த்துப் படித்தால், பூதத்தை உண்டாக்கியவளே அதற்குத் தப்பும் வழியையும் சொல்லித் தருகிறாள்!

இடம் எது?

இத்தாலி நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காலணிபோல் நீண்டிருக்கும் நிலத்தின் நுனிக்கும் சிசிலித் தீவுக்கும் நடுவே ஒரு குறுகிய கடல் இருக்கிறது. அதற்கு மெசினா நீரிணை என்று பெயர். மிகக் குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் அகலம். இதுதான் கரிப்டிஸ் இருந்த இடம் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே துசிடிடிஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். இங்கே வடக்கேயும் தெற்கேயும் உள்ள இரு கடல்களின் ஏற்றவற்றங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால், சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். அப்போது நீர்ச்சுழிகள் தோன்றும். பாய்மரத்தையும் துடுப்பையும் நம்பியிருந்த சிறு கலங்களுக்கு அவை பெரிய ஆபத்துத்தான். எதிர்க்கரையில், இத்தாலிப் பக்கத்தில், கடலுக்குள் நீண்ட ஒரு பாறையும் அதையொட்டி ஓர் ஊரும் இருக்கின்றன. ஊரின் பெயர் இன்றைக்கும் சில்லாதான்.

அந்த ஊருக்கு உண்மையாகவே ஒரு கதை நேர்ந்தது. 1783 பிப்ரவரி 5ஆம் நாள் அந்த வட்டாரத்தைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. வீடு இடிந்து விழுமோ என்று அஞ்சிய சில்லா ஊர் மக்கள் அன்றிரவு கடற்கரை மணலில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். இரவில் மீண்டும் நிலம் அதிர்ந்தது. அருகிலிருந்த மலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எழுந்த பேரலையில் கரையில் இருந்தவர்களில் சுமார் 1,500 பேர் மாண்டார்கள். வீட்டுக்கு அஞ்சிக் கடலிடம் போனவர்களைக் கடல் கொண்டது. பழமொழியின் பொருளை அதே ஊர் தன் உயிரைக் கொடுத்து எழுதிவைத்ததுபோல் இருக்கிறது.

கதை வழக்கான விதம்

12ஆம் நூற்றாண்டில் வால்டர் என்ற பிரெஞ்சு நாட்டுக் கவி மாவீரன் அலெக்சாந்தரைப் பற்றி லத்தீனில் ஒரு காப்பியம் எழுதினார். கரிப்டிஸைத் தவிர்க்க நினைத்துச் சில்லாவிடம் விழுகிறாய் என்ற பொருள்பட அதில் ஓரடி வருகிறது. அது ஐரோப்பா முழுவதும் பழமொழியாயிற்று. 1793இல் ஜேம்ஸ் கில்ரே என்ற ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர், பிரதமர் பிட் ஒரு சிறு படகைச் சில்லாவுக்கும் கரிப்டிஸுக்கும் நடுவே ஓட்டிச் செல்வதுபோல் வரைந்தார். அன்றுமுதல் அரசியல் எழுத்தில் இத்தொடர் ஓயாமல் வருகிறது.

நம் சந்தையில் சில்லா

இவை எங்கோ கிரேக்க நாட்டுச் சங்கதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சில்லாவும் கரிப்டிஸும் கொச்சியில் விலைக்குக் கிடைக்கின்றன. வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம் காயல்களில் கிடைக்கும் பெரிய சேற்று நண்டின் அறிவியல் பெயர் 'சில்லா'. கடல் நண்டுகளில் இன்னொரு வகையின் அறிவியல் பெயர் 'கரிப்டிஸ்'. 1833இல் வில்லெம் தெ ஹான் என்ற டச்சு விலங்கியலாளர் இவ்விரண்டு பெயர்களையும் நண்டுப் பேரினங்களுக்குச் சூட்டினார்.

சேற்று நண்டைப் பார்த்தவர்களுக்கு இப்பெயர் பொருந்துவது புரியும். அலையாத்தி வேர்களுக்கு அடியில், சேற்றில் வளை தோண்டிக்கொண்டு இருக்கும். குகையிலிருந்து தலை நீட்டும் சில்லாவைப்போல் வளையிலிருந்து கொடுக்கு நீட்டும். கொடுக்கில் அகப்பட்டால் விரல் போய்விடும். அதனால்தான் சந்தையில் உயிரோடு விற்கும்போது கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிவைக்கிறார்கள். பெரியவை 2 கிலோ எடையையும் தாண்டும். சினை கொண்ட பெண் நண்டு காயலை விட்டுக் கடலுக்குப் போய் முட்டை பொரிக்கும். சிங்கப்பூரில் பெயர்பெற்ற மிளகாய் நண்டுக் கறிக்கு இலங்கையிலிருந்து போகும் நண்டும் இந்தச் சில்லாதான்.

இன்னொன்று கேளுங்கள். சில்லா பேரினத்தில் நான்கு இனங்கள் உண்டு என்று 1998இல் அறிஞர்கள் வகுத்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் 'சில்லா திராங்குபாரிகா'. திராங்குபார் என்பது நம் தரங்கம்பாடி! தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்களின் குடியேற்றமாக இருந்தது. 1798இல் டேனிஷ் விலங்கியலாளர் பப்ரிசியஸ் ஒரு நண்டினத்துக்கு அவ்வூரின் பெயரை வைத்தார். கிரேக்கப் பூதத்தின் பெயரும் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரின் பெயரும் ஒரு நண்டின் முதுகில் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

கரிப்டிஸ் வகையில் நமக்குத் தெரிந்தது சிலுவை நண்டு. அதன் ஓட்டின்மேல் சிலுவை போன்ற குறி இருக்கும். புனித சவேரியார் கிழக்குத் தீவுகளில் கடற்பயணம் செய்தபோது அவர் கையிலிருந்து நழுவிய சிலுவையை ஒரு நண்டு கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்றும், அதனால் இந்தக் குறி வந்தது என்றும் கடற்கரைக் கிறித்தவர்களிடையே ஒரு செவிவழிக் கதை உண்டு. விஞ்ஞானி பூதத்தின் பெயரை வைத்த பிராணியில் மீனவர் சிலுவையைக் கண்டார்.

நண்டு, மீன் ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: நம் ஊரிலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டது. முன்பு அதன் தலைமையிடம் இராமேசுவரத்துக்குப் போகும் வழியிலுள்ள மண்டபத்தில் இருந்தது. 1971இல் கொச்சிக்கு மாறியது. நம்மில் பலரைப்போல் அதுவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியதுதான்.

தமிழில் எப்படிச் சொல்வோம்?

நம் இராமகாதையிலும் கடற்பூதங்கள் உண்டு. அனுமன் கடலைத் தாவும்போது சுரசை வாயைத் திறந்துகொண்டு வழிமறிக்கிறாள். பிறகு ஓர் அரக்கி பிடிக்கிறாள். வால்மீகி அவளைச் சிம்மிகை என்பார், கம்பர் அங்காரதாரை என்பார். அனுமன் சுரசையின் வாய்க்குள் புகுந்து வெளியே வந்துவிடுகிறான். அரக்கியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறான். அவன் இருவரையும் வென்றுவிட்டதால் அவர்கள் பெயர் இக்கட்டான நிலையைக் குறிக்கும் வழக்காக மாறவில்லை என்பது என் எண்ணம். வெல்ல முடியாத பூதம்தான் பழமொழியாக நிலைக்கிறது.

இக்கட்டைச் சொல்லத் தமிழில் பல வழக்குகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்று நினைப்பது தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இருதலைக் கொள்ளி எறும்பு: இருமுனையிலும் எரியும் கட்டைக்குள் அகப்பட்ட எறும்பு. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில் இவ்வுவமையை ஆண்டிருக்கிறார். எறும்புக்குப் போக வழியே இல்லை. வெளியிலிருந்து யாராவது காப்பாற்றினால்தான் உண்டு. ஆகையால்தான் அது ஒரு பக்தரின் விண்ணப்பத்துக்கு அத்தனை பொருத்தமாக இருக்கிறது.

மத்தளத்துக்கு இருபுறமும் இடி: நடுவில் இருப்பவனை இரு தரப்பாரும் அடிக்கிறார்கள். மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவில் இருப்பவனைச் சொல்வோம்.

மதில்மேல் பூனை: இங்கே ஆபத்து எதுவும் இல்லை. எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது, அவ்வளவுதான்.

திரிசங்கு சொர்க்கம்: அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி: இரண்டும் சுடும், தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

இந்தக் கடைசிப் பழமொழியைச் சர்சியின் அறிவுரையோடு வைத்துப் பாருங்கள். நம் பழமொழி 'எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?' என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. சர்சி விடை சொல்கிறாள்: 'நல்லது இல்லை, ஆனால் ஒன்று ஆறு பேரோடு போகும், மற்றொன்று அனைவரையும் கொண்டுபோகும். எண்ணிப் பார்த்து முடிவு செய்.' எறும்பு நிற்கிறது. கப்பல் போயாக வேண்டும். கிரேக்க வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் இன்னோர் உவமை உண்டு. நற்றிணையின் 284ஆம் பாட்டு. பொருள் தேடி வெளியூர் போன தலைவன் பாதி வழியில் நிற்கிறான். வீட்டுக்குத் திரும்பு என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு முனையிலும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறுபோல் என் உடம்பு அழிய வேண்டியதுதானா என்கிறான். இவ்வுவமையாலேயே அப்புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் பெற்றார். இங்கே இரண்டு பக்கமும் பூதம் இல்லை. இரண்டும் அவனுடையவை, இரண்டும் நல்லவை. இழுபடுவதுதான் துன்பம். ஊரை விட்டு வந்த நம்மைப் பற்றி ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டு இவ்வளவு சரியாகச் சொல்கிறதே என்று படிக்கும்தோறும் வியப்பேன்.

மலையாளத்தில்

'செகுத்தானும் கடலினும் இடையில்' என்று மலையாளிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாத்தானுக்கும் கடலுக்கும் நடுவில் என்று பொருள். இதுவும் ஆங்கிலத்தில் உள்ள ஒரு தொடருக்கு நேரானது. ஆனால் இந்நாட்டு மண்ணில் விளைந்த வழக்குகள் இன்னும் சுவையானவை. 'பட பேடிச்சு பந்தளத்துச் சென்னப்போள் பந்தம் கொளுத்திப் பட' என்பார்கள். சண்டைக்கு அஞ்சிப் பந்தளத்துக்கு ஓடினால் அங்கே பந்தம் ஏற்றிவைத்துச் சண்டை நடக்கிறதாம். லத்தீன் பழமொழிக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்காது. தமிழில் 'வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை' என்போம். 'இல்லத்து நின்னு இறங்கி, அம்மாத்தொட்டு எத்தியுமில்ல' என்பது மற்றொன்று. தன் இல்லத்தை விட்டுப் புறப்பட்டாயிற்று, தாய்வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. நம் திரிசங்குவுக்கு இது உறவு.

கடக்க மூன்று வழிகள்

சில்லா, கரிப்டிஸைக் கடந்தவர்கள் ஒடிசியஸ் மட்டுமல்லர். பழைய நூல்களில் மூன்று விடைகள் கிடைக்கின்றன.

முதல் விடை ஒடிசியஸின் விடை. விலையை எண்ணிப் பார்த்து, குறைந்த விலையைக் கொடுத்துக் கடப்பது.

இரண்டாவது ஈனியஸின் விடை. ரோமக் கவி வர்ஜில் எழுதிய ஈனியட் காப்பியத்தில், எலனஸ் என்பவன் ஈனியஸுக்கு வழி சொல்கிறான்: அந்த நீரிணை வழியே போகாதே, நாள் கூடினாலும் சிசிலித் தீவைச் சுற்றிக்கொண்டு போ. நேர்வழி ஒன்றுதான் வழி என்று யார் சொன்னார்கள்?

மூன்றாவது ஆர்கோ கப்பலின் விடை. அப்பலோனியஸ் என்ற கிரேக்கக் கவியின் கதையில், ஜேசனும் தோழர்களும் அந்தப் பகுதியைக் கடக்கும்போது கடற்கன்னியர் கூட்டமாக வந்து, மணலில் பந்து விளையாடும் சிறுமிகள்போல் கப்பலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி அப்பால் சேர்த்துவிடுகிறார்கள். பல கைகள் சேர்ந்தால் பூதங்களுக்கு நடுவிலும் வழி உண்டு.

நம் கொச்சித் துறைமுகத்தின் கதையையும் இங்கே நினைக்கலாம். அழிமுகத்துக்குக் குறுக்கே ஒரு மணல்திட்டு கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. மழைக்காலத்தில் வெளியே நிற்பதும் ஆபத்து. 1920இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி அத்திட்டை அறுத்து ஆழமான வழி உண்டாக்கினார்கள். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்ற கப்பல் அவ்வழியே உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்ததுதான் வெலிங்டன் தீவு. எத்தனையோ பேர் கைகள் சேர்ந்து உழைத்துத் திறந்த வழி அது.

பூதமா, இல்லையா?

சொற்றொடரைக் கற்றபின் அதைச் சரியாக ஆளவும் தெரிய வேண்டும். நம்மிடையே அடிக்கடி எழும் இரண்டு பேச்சுகளைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

திருப்பூணித்துறையில் குடியிருக்கும் ஓர் அம்மா, தம் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் நேரத்தில் என்னிடம் கேட்டார்: "சார், குழந்தைக்கு மலையாள எழுத்து, ஆங்கில எழுத்து, இன்னும் கொஞ்சம் போனால் இந்தி எழுத்து. இதில் தமிழையும் திணித்தால் படிப்பில் பின்தங்கிவிடுவாள். தமிழை விட்டுவிட்டால் பாட்டி எழுதுவதைப் படிக்கத் தெரியாது. இருதலைக் கொள்ளி எறும்பாக இருக்கிறேன்." 2017இல் கேரளத்தில் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. ஆயினும் நம் பிள்ளைகள் பெரும்பாலோர் படிக்கும் பள்ளிகளில் தமிழ்ப் பாடம் இல்லை. ஆகவே அந்த அம்மாவின் கவலை உண்மையானது.

ஆனால் பூதங்கள் உண்மையானவையா? மலையாளம் பூதமன்று. நமக்குச் சோறு போடும் ஊரின் மொழி; தமிழின் நெருங்கிய உறவு. தமிழும் பூதமன்று. இரண்டு நன்மைகளுக்கு நடுவே நேரம் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். இது சில்லா, கரிப்டிஸ் அன்று; நற்றிணைக் கயிறு. கயிறு அறாமல் இருக்க யானைகளைக் கொல்ல வேண்டியதில்லை, கயிற்றை முறுக்கேற்ற வேண்டும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைகளைத் தமிழுக்கென்று வைத்தோம். அதனால் பிள்ளைகளின் நடன வகுப்பு விட்டுப்போயிற்று. விலை இருந்தது, ஆனால் யாரும் மூழ்கவில்லை. அந்த அம்மாவிடமும் இதையே சொன்னேன். அந்தப் பெண் இப்போது பாட்டிக்குக் கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்புகிறாள். எழுத்துப்பிழைகளோடுதான். பாட்டிக்கு அவை பிழையாகத் தெரிவதில்லை.

இரண்டாவது பேச்சு வேறு மாதிரி. நம் அன்பர் ஒருவரின் தாயார் தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தார். வயது 82. ஒரு நாள் இரவு கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து விடியும்வரை கிடந்தார். அன்பர் அவரை இங்கே அழைத்து வந்தார். அடுக்கு மாடிக் குடியிருப்பில் ஆறாம் மாடி. பகலில் வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டாரோடு பேச மொழி இல்லை. வாசல் தெளிக்க வாசல் இல்லை. மூன்று மாதத்தில் அந்த அம்மாள் பேச்சையே குறைத்துக்கொண்டார், சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். அங்கே விட்டால் விழுந்துவிடுவார். இங்கே வைத்தால் வாடிவிடுவார். இரண்டும் உண்மையான ஆபத்துகள். இதுதான் சில்லா, கரிப்டிஸ்.

அவரும் முதலில் இரைகின்ற பூதத்தைத்தான் பார்த்தார். விழுதல் கண்ணுக்குத் தெரியும், எலும்பு முறியும், மருத்துவச் செலவு ஆகும். வாடுதல் ஓசையின்றி நடக்கும். அதைக் கவனித்தவர் அவருடைய மனைவி. பிறகு இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். தாயாரை ஊருக்கே அழைத்துச் சென்றார்கள். கொல்லைப்புறத்தில் கைப்பிடியும் விளக்கும் போட்டார்கள். தெருவில் மூன்று வீட்டார் முறைவைத்து இரவில் வந்து பார்த்துக்கொள்ள இசைந்தார்கள். ஆர்கோ கப்பலைத் தாங்கிய கைகள் இவைதாம். அன்பர் இரு வாரத்துக்கு ஒருமுறை எர்ணாகுளத்தில் காரைக்கால் வண்டி ஏறித் தஞ்சாவூருக்குப் போய் வருகிறார். அதற்காக, வேறு மாநிலத்துக்கு மாற்றலோடு வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அது அவர் கொடுத்த விலை. ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டதா என்றால் இல்லை. கிராமத்திலிருந்து இரவில் தொலைபேசி வந்தால் இன்றும் அவருக்குக் கை நடுங்குகிறது. ஆனால் தாயார் மீண்டும் தெருப்பெண்களோடு பேசுகிறார், வயிறாரச் சாப்பிடுகிறார்.

ஆகவே அன்பர்களே, இத்தொடரை ஆளும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் உண்மையில் ஆபத்துதானா? இரண்டில் எது எல்லாரையும் விழுங்கும், எது சிலரோடு போகும்? சுற்றுவழியோ உதவும் கைகளோ உண்டா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் பூதங்களை விட்டுவிட்டுப் பழங்கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

பயிற்சி: பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்து விடை எழுதுக

1. கீழ்க்காணும் நிலைகளுக்கு எந்த வழக்கு பொருந்தும்? (அ) நண்பர்கள் இருவர் சண்டையிட, இருவரும் உன்னையே திட்டுகிறார்கள். (ஆ) கணக்குப் பாடமா, உயிரியலா என்று உன் அண்ணன் ஒரு மாதமாக முடிவு செய்யவில்லை. (இ) மழைக்கு ஒதுங்கிய கூரையே இடிந்து விழுந்தது.

2. ஒடிசியஸ் தன் ஆட்களிடம் சில்லாவைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தது சரியா? இரு பக்கமும் வாதிட்டுப் பத்து வரி எழுதுக.

3. 'பட பேடிச்சு பந்தளத்து' போன்ற மலையாளப் பழமொழிகள் ஐந்தை அண்டை வீட்டாரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ப் பழமொழியை எழுதுக.

4. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது சேற்று நண்டையும் சிலுவை நண்டையும் பார்த்து, இரண்டையும் படம் வரைந்து வேறுபாடுகளைக் குறிக்க. கொடுக்கைத் தொட வேண்டாம்!

5. உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஊரை விட்டு வந்தபோது எதை விலையாகக் கொடுத்தார்கள் என்று கேட்டு அவர்கள் சொல்லிலேயே எழுதுக.

விடைகளைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து படிப்போம்.